மூன்று மடங்கு

அத்தானுக்குப் பாம்புக்காது என்று ரேடியோ சங்கத்தில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவரும் அத்தான்தான்.

சங்கத்தில் ஆண்டுக்கு ஒருமுறை நரிவேட்டை நடக்கும். நரி என்றால் வாலும் மூக்கும் உள்ள நரி இல்லை. சோப்புப்பெட்டி அளவுக்கு ஒரு சின்ன டிரான்ஸ்மிட்டர். சங்கத்து ஆள் ஒருவர் அதைச் சுற்றுவட்டாரத்தில் எங்கேயாவது ஒளித்து வைப்பார். அது பாட்டுக்கு பீப் பீப் என்று கத்திக்கொண்டிருக்கும். மற்றவர்கள் ரிசீவரும் கையுமாக, வளைய ஆன்டெனாவை இப்படியும் அப்படியும் திருப்பி, எந்தப் பக்கம் சத்தம் கூடுகிறது, எந்தப் பக்கம் குறைகிறது என்று மோப்பம் பிடித்துப் போகவேண்டும். செக்ரட்டரி விசில் ஊதுவதற்குள் கண்டுபிடித்தவருக்கு வெற்றி. ஒருவருமே கண்டுபிடிக்கவில்லை என்றால் ஒளித்தவருக்கு வெற்றி. அத்தான் தேடி அகப்படாத நரி இதுவரை இல்லை. "மெஷின்ல என்ன இருக்கு? எல்லாம் இதுதான்" என்று காதுமடலை இழுத்துக் காட்டுவார்.

அதே காதுக்கு, சமையலறையிலிருந்து அக்கா "கேஸ் தீர்ந்துபோச்சு" என்று கத்துவது மட்டும் ஒருநாளும் கேட்டதில்லை.

அக்காவும் அத்தானும் மாடியில். தங்கைக்காரி கீழ்வீட்டில். காதுக்கருவி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தாள். கையில் மெல்லிய செம்புக்கம்பி கிடைத்தால் போதும், உட்கார்ந்த இடத்திலேயே சுற்றி ஒரு காயில் பண்ணிவிடுவாள். அதனால் சங்கத்தில் அவள் பெயரே 'காயில்' என்று ஆகிவிட்டது. கல்யாணப் பேச்சை யாராவது எடுத்தால், "கம்பி சுத்தவே நேரம் பத்தலை" என்று வாயை அடைத்துவிடுவாள். அது பாதிதான் உண்மை.

மீதிப் பாதி ஒரு தீவில் இருந்தது. கடலுக்கு நடுவே எங்கேயோ இருந்த அந்தத் தீவின் வானிலை நிலையத்தில் வேலை பார்க்கிற ஒருவர், தினமும் சாயங்காலம் ஏழு மெகாஹெர்ட்ஸில் வந்து காற்று எப்படி, அலை எப்படி என்று சொல்லுவார். சொல்லி முடித்துவிட்டு, "யாராவது கேக்கறீங்களா? கேட்டா ஒரு வார்த்தை சொல்லுங்க" என்பார். சொந்தமாகச் செய்த டிரான்ஸ்மிட்டரில் காயில் உடனே பதில் சொல்லுவாள். ஒரு வார்த்தை இல்லை, ஓராயிரம் வார்த்தை. அந்தப் பக்கத்திலிருந்து ஒன்றும் வராது. இரண்டு வருஷமாக இதே கதை. குரல் போய்ச் சேரவில்லை என்று தெரிந்தும் அவள் பேசுவதை நிறுத்தவில்லை. கேட்காத ஆளிடம் பேசுவதில் ஒரு சௌகரியம் உண்டு, எதை வேண்டுமானாலும் சொல்லலாம். ஆனாலும் ஒரே ஒரு தடவை அவருக்குத் தன் குரல் கேட்கவேண்டும் என்று அவள் ஏங்கினாள். ஏங்கினாள் என்பதைத் தவிர அதற்கு வேறு நாகரிகமான சொல் இல்லை.

குற்றம் ஆன்டெனாவில் என்பது அவள் கணக்கு. மொட்டைமாடியில் உயரமான இரும்புக் கம்பம் ஒன்றுதான் இருந்தது. அது அத்தானுடையது. அவளுக்கு வாய்த்தது துணி காயப்போடும் கொடிக்கயிறு. ஆன்டெனாக் கம்பியைக் கயிற்றோடு கயிறாக ஓட்டியிருந்தாள். ஈரப் போர்வை தொங்குகிற நாளில் அதுவும் மண்ணைப் பார்த்து வளைந்துவிடும்.

இந்த வருஷம் நரி ஒளிக்கும் முறை அவளுக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் அத்தான் வாயைத் திறந்தார்.

"நீ ஒளிச்சா நான் காலையில ஆரம்பிச்சு காலையிலயே முடிச்சிடுவேன். சாப்பிட வீட்டுக்கு வந்திடலாம்."

"முடியலைன்னா, அத்தான்?"

"முடியலைன்னா மாடிக் கம்பம் உனக்கு. போதுமா?"

"முடிஞ்சா?"

"முடிஞ்சா கொடிக்கயித்துல கட்டியிருக்கியே ஒரு கம்பி, அதை அவுத்துடணும். நீ பேச ஆரம்பிச்சா என் ரிசீவர்ல கரகரன்னு வருது."

காயில் மனசுக்குள் கணக்குப் போட்டாள். அந்தக் கம்பியும் போய்விட்டால் தீவுக்காரர் குரலைக் கேட்பதற்குக்கூட வழி இல்லை. ஆனால் வாய் முந்திக்கொண்டது.

"சரி அத்தான்."

அக்கா அத்தான் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

மறுநாளே அத்தான் தன் வேட்டை ரிசீவரைக் கீழே கொண்டுவந்தார். ஹெட்போன் சொருகும் இடம் ஆடுகிறதாம். எதிராளியின் கையிலேயே ஆயுதத்தைச் சாணை பிடிக்கக் கொடுக்கிறோமே என்று அவருக்குத் தோன்றவில்லை. காது ரிப்பேர்க்காரி வீட்டிலேயே இருக்கும்போது வெளியே கொடுத்து ஏன் செலவு பண்ணவேண்டும் என்பதோடு அவர் யோசனை நின்றுவிட்டது.

காயில் மூடியைக் கழற்றினாள். உள்ளே இருக்கவேண்டிய காயில் இருந்தது. இருக்கக்கூடாத காயில் ஒன்றும் இருந்தது. அதற்கு அடிப்பக்கத்தில், விரல்நுனி மட்டும் எட்டுகிற இடத்தில், ஒரு குட்டி ஸ்விட்ச். அந்த இரண்டாவது காயிலை அளந்து பார்த்தாள். நரியின் அலைவரிசைக்குச் சரியாக மூன்று மடங்கு. பாம்புக்காதின் ரகசியம் ஒரு சாண் கம்பிதான்.

விஷயம் இவ்வளவுதான். சங்கத்து நரிகள் எல்லாம் மலிவுச் சரக்கு. உள்ளே இருக்கிற சில்லு கரண்டைப் படக்கென்று போடும், படக்கென்று அணைக்கும். அதை வரைந்து பார்த்தால் மூலைக்கு மூலை வெட்டினாற்போல் சதுரம் சதுரமாக இருக்கும். இந்தச் சதுர அலைக்குத் தனியாக எங்கேயும் போகத் தெரியாது. விருந்துக்கு ஒருத்தரைக் கூப்பிட்டால் குடும்பத்தையே கிளப்பிக்கொண்டு வருகிற ஆள் மாதிரி, தன் அலைவரிசையோடு அதன் மூன்று மடங்கு, ஐந்து மடங்கு, ஏழு மடங்கு என்று ஒரு பட்டாளத்தைக் கூட்டிக்கொண்டுதான் கிளம்பும். வேட்டைக்காரன் நரியின் பக்கத்தில் போய்விட்டால் அசல் சத்தம் ரிசீவரை அடைத்துக்கொள்ளும். எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே அலறல், திசையே பிடிபடாது. மற்றவர்கள் அங்கேதான் திண்டாடுவார்கள். அத்தான் மட்டும் யாருக்கும் தெரியாமல் மூன்று மடங்குக்குத் தட்டிவிடுவார். அங்கே சத்தம் மெலிசாக இருக்கும், திசை பளிச்சென்று தெரியும். அசல் அலைவரிசையில் மட்டும்தான் தேடவேண்டும் என்பது சங்கத்து விதி. அந்த விதியை எழுதிய கமிட்டியில் அத்தானும் இருந்தார்.

காயில் ஹெட்போன் இடத்தைச் சரிபண்ணி, மூடியைப் பூட்டி, ரிசீவரைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். பிறகு அக்காவைக் கூப்பிட்டுச் சங்கதியைச் சொன்னாள்.

"அப்போ இத்தனை வருஷமா என்கிட்ட விட்டதெல்லாம் கதையா?"

"கதைதான் அக்கா."

"பக்கத்துத் தெருவுல நரி முனகினா கேக்குதாம். பக்கத்துல நின்னு நான் கத்தினா கேக்கலையாம். நான் என்ன பண்ணணும், சொல்லுடி."

அன்றைக்கே வேலை தொடங்கியது. சாயங்காலம் தீவுக்காரரிடம் தன் திட்டத்தை ஒன்றுவிடாமல் ஒப்பித்தாள். சதுர அலையின் பட்டாளத்தை வாசலிலேயே நிறுத்த ஒரு ஃபில்டர் வேண்டும். காயில், கண்டென்சர், மறுபடி காயில் என்று மாற்றி மாற்றிக் கோத்தால், அசல் அலை மட்டும் உள்ளே போகும், மடங்குக்காரர்கள் எல்லாரும் வெளியே நிற்பார்கள். ஒரு சுற்று கூடினாலும் தப்பு, குறைந்தாலும் தப்பு. அவள் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள். மறுநாள் அலைகாட்டிக் கருவியின் திரையில் பார்த்தபோது சதுரத்தின் மூலைகள் கரைந்து, அலை வழவழவென்று ஏறி வழவழவென்று இறங்கியது. அப்பழுக்கில்லாத சைன் அலை. காயிலுக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் தன் சொந்த டிரான்ஸ்மிட்டரின் ஞாபகம் வந்தது. அதுவும் இதே மலிவுச் சில்லுதான், அதிலும் பட்டாளம்தான். போட்டிக்குப் போகிற பெட்டி இவ்வளவு சுத்தமாக இருக்கும்போது வீட்டில் இருக்கிறது அழுக்காக இருக்கலாமா என்று அதற்கும் ஒரு ஃபில்டர் சுற்றிப் பொருத்திவிட்டாள். அன்றைக்குச் சாயங்காலமும் தீவுக்காரருக்குப் பதில் சொன்னாள். வழக்கம்போல அந்தப் பக்கம் அமைதி.

பிறகு இரண்டாவது பெட்டி. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. சில்லு அதேதான், ஃபில்டர் மட்டும் நேர்மாறு. அசலை வெளியே நிறுத்திவிட்டு மூன்று மடங்கை மட்டும் உள்ளே விடும். இதில் நரி கிடையாது, நரியின் ஊளை மட்டும்தான்.

"இதை எங்கடி வைக்கப்போறே?" என்றாள் அக்கா.

"அத்தான் வேட்டைக்குப் போட்டுட்டுப் போவாரே, ஏகப்பட்ட பாக்கெட் வெச்ச கையில்லாத கோட்டு..."

அக்கா எழுந்துபோய் ஊசியும் நூலும் எடுத்துவந்தாள்.

வேட்டை நாள் காலையில் எல்லாரும் சங்கத்து அறையில் கூடினார்கள். கீழே அச்சகம், மேலே சங்கம், நடுவே இரும்புக் கைப்பிடி வைத்த மாடிப்படி. அத்தான் கோட்டோடு வந்து நின்றார். முதுகுப் பக்கம் உள்துணிக்கு நடுவே பெட்டியும், ஓரத் தையலுக்குள் ஆன்டெனாக் கம்பியும் இருப்பது அக்கா தங்கை இரண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. கிளம்பும்போது கோட்டு பின்னால் இழுக்கிறதே என்று அத்தான் சொல்லத்தான் செய்தார். "தொப்பை முன்னால இழுக்குது, கோட்டு பின்னால இழுக்குது, சரியாப்போச்சு" என்று அக்கா பொத்தானைப் போட்டுவிட்டாள்.

செக்ரட்டரி முதல் விசில் ஊதினார். அவர் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர், எதிலும் ஏற்ற இறக்கம் பார்க்காத மனுஷர். வேட்டைக்காரர்கள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு தடதடவென்று இறங்கி நாலா பக்கமும் ஓடினார்கள். அவர்கள் பிடித்துக்கொண்டு இறங்கியதே நரியைத்தான். பெட்டியைப் படியோரத்து மின்சார மீட்டர் பலகைக்குப் பின்னால் வைத்து, அந்தக் கைப்பிடியையே ஆன்டெனாவாக இணைத்திருந்தாள் காயில்.

கொஞ்ச தூரம் போனதும் சத்தம் குறைகிறதே என்று ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். பல் டாக்டர் ஒருவர் அச்சகத்துக்கே வந்துவிட்டார். ஆனால் வந்து என்ன? ரிசீவர் பூராவும் அலறல். கீழே போனாலும் அதே, மேலே போனாலும் அதே. பாவம், காகிதக் கட்டுகளுக்கு நடுவே தலையை விட்டு நின்றுகொண்டிருந்தார்.

அத்தான் அவ்வளவு அவசரப்படவில்லை. இரண்டு தெரு சுற்றிவிட்டு, அச்சகத்துத் தெருமுனையில் முடிதிருத்தும் கடை வாசலில் நின்றார். எதிர்ச்சாரியில் அக்காவும் காயிலும் காய்கறிப் பையோடு ஒரு கத்தரிக்காய் வண்டிக்குப் பின்னால் பதுங்கியிருந்தார்கள். அத்தான் அப்படியும் இப்படியும் பார்த்தார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு ரிசீவரின் அடியில் விரலை விட்டார்.

"தட்டிட்டாரு" என்றாள் காயில்.

மூன்று மடங்கில் ஊசி கடைசி வரைக்கும் போய் முட்டிக்கொண்டு நின்றது. அத்தான் முகம் மலர்ந்தது. வலது பக்கம் திரும்பினார், ஊசி அசையவில்லை. இடது பக்கம், அசையவில்லை. மெதுவாகத் தன்னைத்தானே ஒரு சுற்றுச் சுற்றினார். அவர் சுற்றினால் முதுகும் கூடவே சுற்றுகிறது, ஊசி எப்படி அசையும்? எல்லாப் பக்கமும் ஒரே சத்தம் என்றால் நரி காலடியில் இருக்கிறது என்று முடிவு பண்ணினார். கடைக்குள் நுழைந்து, முகம் முழுக்க நுரையோடு சாய்ந்திருந்தவரை எழுப்பிவிட்டு நாற்காலியைத் தூக்கிப் பார்த்தார். இழுப்பறைகளைத் திறந்தார். முடிக்குவியலைக் காலால் கிளறினார். கடைக்காரர் கத்தியும் கையுமாகச் சிலையாகிவிட்டார்.

வெளியே வந்தார். ஊசி அப்படியே. பத்தடி நடந்தார், அப்படியே. அத்தான் மூளைக்குள் விளக்கு எரிந்தது. நரி நடக்கிறது! யாரோ அதைத் தூக்கிக்கொண்டு நடக்கிறார்கள்!

அந்த நேரம் பார்த்துத் தபால்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பக்கத்தில் போனார். அத்தான் ஒட்டிக்கொண்டார். தபால்காரர் நடந்தார், ஊசி குறையவில்லை. நின்றார், குறையவில்லை. சந்து திரும்பினார், குறையவில்லை. இதைவிட என்ன சாட்சி வேண்டும்? ஒரு பச்சைக் கதவு முன்னால் தபால்காரர் பையைத் திறந்தபோது அத்தானும் கையை உள்ளே விட்டார்.

"யோவ்! என்னய்யா பண்றே?"

"மரியாதையா நரியை எடுங்க."

"எதை?"

"நடிக்காதீங்க. பையில கத்துது, எனக்குக் கேக்குது."

தபால்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். ஹெட்போன், வளையம், கோட்டு நிறையப் பாக்கெட். குரல் சட்டென்று இதமாகிவிட்டது.

"வீட்ல யாராவது இருக்காங்களா உங்களுக்கு? தனியாவா வந்தீங்க?"

கத்தரிக்காய் வண்டிக்குப் பின்னால் இருந்த அக்கா சந்து முனை வரைக்கும் வந்து, முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சுவரோடு சரிந்துவிட்டாள். கண்ணில் தண்ணீர். காயிலுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கொஞ்சம் பாவமாகவும் இருந்தது. ஆனால் கொடிக்கயிற்றை நினைத்ததும் பாவம் ஓடிவிட்டது.

தபால்காரர் சைக்கிளில் ஏறி மிதித்து மறைந்தபிறகும் ஊசி அசையாமல் இருந்ததுதான் அத்தானுக்குப் பெரிய அடி. அந்தச் சந்தில் அவர் குப்பைத்தொட்டியைக் கவிழ்த்தார், ஒரு பூந்தொட்டியில் விரலை விட்டுத் துழாவினார், தூங்கிக்கொண்டிருந்த நாயின் கழுத்துப்பட்டையைத் தொடப்போய் மனசு மாறினார். அதற்குள் விசில் ஊதியாகிவிட்டது.

சங்கத்து அறையில் அத்தான் வேர்த்து விறுவிறுத்து வந்து நின்றார்.

"இது அநியாயம்! நரியை யாரோ நடமாட விட்டிருக்காங்க."

காயில் போய் மீட்டர் பலகைக்குப் பின்னாலிருந்து பெட்டியை எடுத்துவந்து மேஜைமேல் வைத்தாள். பல் டாக்டர் நெற்றியில் அடித்துக்கொண்டார். செக்ரட்டரி ஃபில்டரைப் பார்த்தார், திரையில் அலையைப் பார்த்தார்.

"சுத்தமான சைன். ஒரே அலைவரிசை. விதிப்படி இருக்கு. நரி இடத்தை விட்டு நகரவே இல்லையே, கேப்டன்? நடமாடிச்சுன்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

அத்தான் கப்பலைப் படத்தில்தான் பார்த்திருக்கிறார். இருந்தாலும் சங்கத்தில் அவருக்குப் பட்டப்பெயர் கேப்டன்.

"ஊசி சொல்லிச்சு" என்றார்.

"எந்த அலைவரிசையில சொல்லிச்சு?"

அத்தான் கை ரிசீவரின் அடிப்பக்கத்தை மூடிக்கொண்டது. மூன்று மடங்கு என்று சொன்னால் இத்தனை வருஷத்துப் பாம்புக்காது அங்கேயே அறுந்து விழும். காயிலைப் பார்த்தார். அவள் மேஜையின் மரத்தைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காதுல... தண்ணி பூந்திருக்கும்போல" என்றார்.

வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு நாலடி தள்ளிப் போனார். கையில் இருந்த ரிசீவரின் ஊசி முதல்முறையாகக் கீழே இறங்கியது. ஆணிப்பக்கம் வந்தார், ஏறியது. தள்ளிப்போனார், இறங்கியது. கோட்டை எடுத்து முதுகுத் தையலைத் தடவிப் பார்த்தார். அந்த வீட்டில் ஊசியில் நூல் கோக்கத் தெரிந்தது ஒரே ஒரு ஆளுக்குத்தான்.

"தையல் நல்லா வந்திருக்கு" என்றார் சமையலறையைப் பார்த்து.

"கேஸ் தீர்ந்துபோச்சு" என்றாள் அக்கா.

"கேட்டுச்சு."

அத்தான் சிலிண்டருக்குச் சொல்லிவிட்டு, யாரும் கூப்பிடாமலே மொட்டைமாடிக்கு ஏறிப்போய்க் கம்பத்திலிருந்து தன் கம்பியை அவிழ்த்தார். ஏணியையும் அவரே பிடித்துக்கொண்டார். காயில் ஏறித் தன் கம்பியை உச்சியில் கட்டினாள்.

"யார்கிட்ட பேச இந்தப் பாடு?" என்றார் கீழேயிருந்து.

"தெரியாது அத்தான். அவர்தான் பேசுவார். நான் பேசறது அவருக்குக் கேட்டதே இல்லை."

சாயங்காலம் தீவுக்காரர் வந்தார். காற்று மிதம், அலை சுமார், மேற்கே மேகம். "யாராவது கேக்கறீங்களா?" என்றார். காயில் பொத்தானை அழுத்தித் தன் அழைப்புக் குறியைச் சொன்னாள். கேட்கிறதா என்று கேட்டாள். விரலை எடுத்தாள். இரைச்சல் மட்டும் ஓடியது. பிறகு அந்தக் குரல், பக்கத்து அறையிலிருந்து பேசுகிற மாதிரி வந்தது.

"ஐயோ, நீங்களா! என்ன ஆச்சு உங்களுக்கு? ஒரு வாரமா மேல உங்களைக் காணோமேன்னு தவிச்சுப்போயிட்டேன். எப்பவும் இருபத்தொண்ணுல தானே பேசுவீங்க? இன்னைக்கு என்ன ஏழுக்கு எறங்கி வந்திருக்கீங்க? ஓவர்."

காயிலுக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. மூவேழு இருபத்தொன்று. கொடிக்கயிற்றுக் கம்பியில் அவளுடைய அசல் அலை தெருவைத் தாண்டவில்லை. அழுக்கு அழுக்கு என்று அவள் வெட்கப்பட்ட சதுர அலையின் மூன்றாம் மடங்கு, கடலைத் தாண்டிப் போய் அவர் காதில் விழுந்துகொண்டிருந்திருக்கிறது. போன வாரம் அதைத்தான் தன் கையாலேயே ஃபில்டர் சுற்றி அடைத்துவிட்டாள்.

"உங்களுக்கு... நான் பேசினது கேட்டுதா? ஓவர்."

"கேட்டுதாவா? இங்க ரெண்டு ரிசீவர் எப்பவும் தெறந்தே இருக்கும். ரெண்டு வருஷமா ஒரு நாள் விடாம கேக்கறேன். ஒவ்வொரு தடவையும் இருபத்தொண்ணுலயே பதிலும் சொல்றேன். நீங்கதான் காதுலயே போட்டுக்கறதில்லை. சரியான திமிர் பிடிச்ச ஆள்னு நெனச்சேன். அது கெடக்கட்டும், பெட்டியை உங்க அத்தான் கோட்டுல தைச்சாச்சா? சொல்லிட்டு அதோட காணாமப்போயிட்டீங்க, எனக்கு இங்க தலையே வெடிக்குது. ஓவர்."

காயில் பொத்தானைத் தொடவில்லை. இரண்டு வருஷம். தினம் சாயங்காலம். கேட்காத ஆள்தானே என்று அவள் சொன்னதெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. அக்கா சமையலைப் பற்றிச் சொன்னது. பெண்பார்க்க வந்தவரின் மூக்கைப் பற்றிச் சொன்னது. குளிக்கும்போது பாடுகிற பாட்டை முழுசாகப் பாடிக்காட்டியது. மழை பெய்த ஒருநாள், உங்கள் குரலைக் கேட்காமல் எனக்குச் சாப்பாடு இறங்குவதில்லை, நீங்கள் எப்படி இருந்தாலும் பரவாயில்லை, வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள் என்று சொன்னது. முகம் காது வரைக்கும் கொதித்தது. ரிசீவரை அணைத்துவிட்டு மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளலாமா என்று இருந்தது.

இரைச்சல் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் காத்திருந்தார்.

அவள் பொத்தானை அழுத்தினாள்.

"மழை பேஞ்ச அன்னைக்கு நான் ஒண்ணு சொன்னேனே" என்றாள். "அதுக்கு என்ன பதில் சொன்னீங்க? ஓவர்."